சப்ரகமுவத் தோட்டங்களில் பிள்ளை பராமரிப்பு: லயத்திலிருந்து அகதி முகாம் வரை

இலங்கையில் ‘உளசமூக ஆதரவு’ என்ற சொற்றொடர் அரச ஆவணங்களிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 1990களில்தான்; வடக்கு கிழக்குப் போரும், 2004 டிசம்பரில் நேர்ந்த ஆழிப்பேரலையும் அதனை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்தன. வன்முறையாலோ பேரிடராலோ நிலைகுலைந்த ஒருவரின் மனத்துயரை அவருடைய குடும்பம், வாழிடம், வருமானம், மொழி, வழிபாடு ஆகியவற்றிலிருந்து பிரித்துப் பாராமல், இரண்டையும் ஒருசேரச் சீர்செய்ய முயலும் பணி என்று அதனை விளக்கலாம். இத்துறையின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ தொடங்குவதால், அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பெற்றோரோடு விரட்டப்பட்ட பிள்ளைகள் அவ்வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஒருவகை ஆதரவு கிடைத்தது. பெயரிடப்படாத அந்த ஆதரவு எதன் மீது நின்றது, எங்கே அறுந்தது என்று தொடர்ந்து பார்க்கும்போது இரண்டு செய்திகள் துலங்குகின்றன: தோட்டப் பிள்ளையின் மனத்தைக் காத்தவை அன்றாட ஒழுங்கும் அறிமுகமான முகங்களும் என்பது ஒன்று; அவ்விரண்டும் தோட்டத் தொழிலின் தேவைக்குக் கட்டுப்பட்டே இருந்தமையால், தொழிலாளி தோட்டத்தை இழந்த அன்றே பிள்ளை அவற்றையும் இழந்தது என்பது மற்றது.

சிதறிக் கிடந்த தோட்டங்கள்

சப்ரகமுவ மாகாணம் களனி, களு ஆகிய இரு கங்கைகளின் மேற்பள்ளத்தாக்குகளை அடக்கியது. மத்திய மலைநாட்டின் உயரமும் குளிரும் இங்கே குறைவு, மழை அதிகம். எனவே தேயிலையோடு இறப்பரும் இங்கு ஓங்கி வளர்ந்தது. 1876இல் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழிவந்த மரங்கள், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் உலகெங்கும் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, ருவன்வெல்ல, புளத்கொஹுபிட்டிய எனக் கேகாலை மாவட்டமெங்கும் நிரம்பின. இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, கஹவத்தை, பெல்மதுளை ஆகிய பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நின்றன.

நுவரெலியாவில் தோட்டத்தை ஒட்டித் தோட்டமாக மலைத்தொடர் முழுவதும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் பரந்திருக்க, சப்ரகமுவவில் அவை சிங்களக் கிராமங்களுக்கும் வயல்வெளிகளுக்கும் இடையே சிறுசிறு தொகுதிகளாகச் சிதறிக் கிடந்தன. இந்த நில அமைப்பு பிள்ளைகளின் வாழ்வில் இரு வகையாக வினைபுரிந்தது. அமைதியான காலங்களில், தமிழ்ப் பாடசாலையும் பெரிய கோயிலும் உறவினர் வீடும் தொலைவில் இருந்தமையால், பிள்ளையின் உலகம் ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவுக்குள்ளேயே, அதாவது நிர்வாக வசதிக்காகத் தோட்டத்தைப் பகுத்த ‘டிவிஷனுக்குள்ளேயே’ அடங்கியது. கலவரக் காலங்களிலோ, ஓடி ஒளிவதற்குத் தன் இனத்தார் சூழ்ந்த அயல் என்று ஒன்று இல்லாமற் போயிற்று.

பிள்ளைக் காம்பரா

தோட்டத்தின் பொழுது பெரட்டுடன் தொடங்கும். விடியலில் தொழிலாளர் அனைவரையும் ஓரிடத்தில் நிறுத்திப் பெயர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் நிகழ்வே பெரட்டு. இறப்பர்த் தோட்டத்தில் இது மேலும் முந்தியே நிகழ வேண்டியிருந்தது. மரப்பட்டையைக் கீறினால் காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், பால்வெட்டும் தாய் இருள் பிரியும் முன்னரே லயத்தைவிட்டு இறங்கினாள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைகளின் தொடர். அவ்வறையையே தோட்டத்தார் காம்பரா என்பர். தாயும் தகப்பனும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போகும் இவ்வமைப்பில், கைக்குழந்தை தொடக்க காலங்களில் மூத்த அக்காளின் இடுப்பிலோ, மலையோர மரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலிலோ, வேலையிலிருந்து நின்றுவிட்ட பாட்டியின் மடியிலோ விடப்பட்டது. அக்காள் ஏழெட்டு வயதுச் சிறுமியாயின், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதே அவளுடைய பள்ளிப்படிப்பின் முடிவாகவும் அமைந்தது.

இந்த ஏற்பாட்டைத் தோட்ட நிர்வாகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதன் விளைவே பிள்ளைக் காம்பரா. பிள்ளை மடுவம் என்றும் அதனை அழைப்பதுண்டு. லயத்தருகே ஓர் அறையை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண்ணை அமர்த்துவதே அதன் தொடக்க வடிவம். அவளை ஆயம்மா என்றனர். பால் கொடுக்கும் தாயைத் தோட்ட வழக்கில் பிள்ளைக்காரி என்றனர். பிள்ளைக்காரி குறித்த நேரத்தில் மலையிலிருந்து இறங்கிவந்து பாலூட்டித் திரும்ப அனுமதிக்கப்பட்டாள். மகப்பேற்று நன்மைகளுக்கான 1939ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பெண் தொழிலாளரின் பேறுகாலத்துக்குச் சட்டப் பாதுகாப்பை அளித்தபோதும், பிள்ளைக் காம்பராவின் நோக்கம் நெடுங்காலம் மாறவில்லை: தாயின் இரு கைகளையும் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ விடுவிப்பதே அதன் பணி. அங்கே விளையாட்டுப் பொருளோ பயிற்சி பெற்ற ஆசிரியையோ இல்லை. தொட்டில்களும் பால்மாவும் இருந்தன; ஆயம்மா இருந்தாள்.

ஆயினும், நிர்வாகம் எண்ணாத ஒரு பயனும் அதிலிருந்து விளைந்தது. ஆயம்மா வெளியூரிலிருந்து வந்தவள் அல்லள். பெரும்பாலும் அதே லயத்தில் வாழ்ந்து, பிள்ளையின் தாயையும் தூக்கி வளர்த்திருக்கக்கூடிய முதியவள். தாய் போவதும் வருவதும் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தமையால், பிரிவு பிள்ளைக்கு எதிர்பார்க்கத்தக்க ஒன்றாயிற்று. பிள்ளைக் காம்பராவுக்கு வெளியே, தோட்டத்தில் ஆடப்பட்ட மாசி மாதக் காமன் கூத்து பெரியோரின் துயரத்தையும் பிள்ளைகளின் கண்முன் ஒரு முறையான வடிவில் நிறுத்தியது. மன்மதன் எரிக்கப்படுவதும், இரதி புலம்புவதும், அவன் மீண்டும் எழுவதும் தப்பு முழங்க ஊரே கூடி நடத்திய நிகழ்வுகளாதலால், இழப்பும் அழுகையும் மறைத்து வைக்க வேண்டியவை என்று தோட்டப் பிள்ளை கற்கவில்லை.

பள்ளியும் பதிவேடும்

தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய சட்டங்களும் இதே தொழில் நோக்கின் அடையாளங்களைத் தாங்கியவை. 1907, 1920 ஆகிய ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் துரைமார் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்ய வேண்டும் என்று கூறின. 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையே அக்கடமையை வரையறுத்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வேலைக்கு உரிய பிள்ளையாகக் கருதப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கான 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆண், பெண் ஆகியோருக்குப் போலவே சிறுவருக்கும் தனிச் சம்பள விகிதத்துக்கு வழி செய்தது. ஓர் ஆசிரியர், ஒரே அறை, சில வேளைகளில் கோயில் மண்டபம் என்றிருந்த தோட்டப் பள்ளிகளை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே.

இதற்கிடையே பிள்ளைகளின் சட்டநிலையே ஆட்டங் கண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, அத்தகைய 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்வதென 1974இல் முடிவாயிற்று. எண்ணிக்கையாக வகுக்கப்பட்ட இப்பிரிவினை குடும்பங்களுக்குள் நிகழ்ந்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்தபோது, பிள்ளைகள் பாட்டியையோ மாமனையோ நிரந்தரமாகப் பிரிந்தனர். தலைமன்னார்த் துறையை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தமைக்கு இதுவே காரணம். தாய் மலையில் இருந்த வேளையில் பிள்ளையின் அச்சத்தைத் தாங்கிய முதியவர்களையே இந்த இடப்பெயர்வு லயத்திலிருந்து அகற்றியது.

பசியும் தீயும்

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில், பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து வேலை நாட்களும் சுருங்கியபோது, தோட்டங்களில் இறப்பு விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிடக் கூர்மையாக உயர்ந்தது. பிள்ளைகளை நகரத்து வீடுகளில் வேலைக்கு விடும் வழக்கம் பசியால் வலுத்தது. தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்த 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் திருத்தமும் நிலமற்ற கிராமத்தவருக்கு நம்பிக்கை அளித்தன. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்ட இடங்களில், பிரஜாவுரிமையும் வாக்கும் இல்லாத தொழிலாளர் தம் லயத்தையும் வேலையையும் ஒரே நேரத்தில் இழந்தனர்.

1977 பொதுத் தேர்தலுக்குப் பின், ஓகஸ்ட் மாதத்தில், தமிழருக்கு எதிரான வன்முறை நாடெங்கும் பரவியது. முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழு அதனை விசாரித்தது. 1981 ஓகஸ்டில் மூண்ட வன்முறையில் இரத்தினபுரி மாவட்டமே கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடை வட்டாரத் தோட்டங்களில் லயங்கள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்தும் இதனைத் தடுக்க இயலவில்லை. 1983 ஜூலையில் அதே பகுதிகள் மீண்டும் தாக்கப்பட்டன. ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று முறை வன்முறை வந்தமையால், 1977இல் கைக்குழந்தையாக இருந்த ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டும்போதே மும்முறை வீட்டை விட்டு ஓடியிருக்கக்கூடும். இவ்வாறு திரும்பத் திரும்ப நேரும் அச்சுறுத்தல் ஒரே ஒரு பேரதிர்ச்சியைவிட வேறு வகையில் பிள்ளைகளைப் பாதிப்பதை உளவியலாளர் விளக்குவர்: நடந்து முடிந்த ஒன்றை நினைத்து அஞ்சுவதற்குப் பதிலாக, இனி நடக்கப்போவதை எதிர்நோக்கியே பிள்ளை வாழப் பழகிவிடுகிறது, உறக்கமும் கவனமும் பேச்சும் இதனால் குலைகின்றன.

வவுனியாவின் பாலர் பள்ளிகள்

தோட்டங்களைவிட்டு ஓடியவர்களில் பலர் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய வன்னிப் பகுதிகளுக்குச் சென்றனர். அங்கே அவர்களை எதிர்கொண்ட அமைப்புகளுள் முதன்மையானது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகிய இருவரும் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய இவ்வமைப்பு, காடு திருத்தி மக்களைக் குடியமர்த்துவதையும், விவசாயத்தில் பழக்குவதையும், கிராமந்தோறும் பாலர் பள்ளிகள் நடத்துவதையும் தன் பணிகளாகக் கொண்டது. 1977ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் உருவான தமிழர் அகதிகள் புனர்வாழ்வுக் கழகமும் இத்தகைய குடியேற்றப் பணிகளில் ஈடுபட்டது.

காந்தியத்தின் பாலர் பள்ளியை இன்றைய உளசமூகப் பணியின் முன்னோடியாகக் கொள்வதற்கு வலுவான காரணங்கள் உண்டு. முதலாவதாக, இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்து அவர்களைக் கிராமங்களிலேயே தங்கிப் பணிபுரியச் செய்ததன் மூலம், பிள்ளைக்கு நாள்தோறும் ஒரே முகம் தோன்றும் நிலையை அது மீட்டெடுத்தது. இரண்டாவதாக, பாட்டும் விளையாட்டும் சத்துணவும் ஓரிடத்தில், ஒரு நேரத்தில் கிடைத்தமையால், குலைந்துபோன பொழுதுக்கு மறுபடியும் ஒரு வரம்பு ஏற்பட்டது. மூன்றாவதாக, பிள்ளை பள்ளியில் இருந்த நேரத்தில் பெற்றோர் குடிசை கட்டவும் நிலம் திருத்தவும் முடிந்தது. பெற்றோரின் கையாலாகாத நிலையே பிள்ளையின் அச்சத்துக்குப் பெருங்காரணம் ஆதலால், அவர்கள் வேலையில் முனைந்ததே பிள்ளைக்கும் மருந்தாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் துரைக்காக நடந்த ஏற்பாடு இங்கே குடும்பத்துக்காக நடந்தது என்பதுதான் இரண்டுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு.

இம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1983 ஏப்ரலில் காந்தியத்தின் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர்; ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் மருத்துவர் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தோட்ட அகதிகள் குடியேறியிருந்த டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிலிருந்து 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். கிளிநொச்சி மாவட்டத்தின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற குடியிருப்புகளில் மலையகத்திலிருந்து வந்தோர் தங்கிவிட்டனர். 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டம் அவர்களையும் புரட்டிப்போட்டது. 1981இல் இரத்தினபுரியை விட்டு ஓடிய எட்டு வயதுப் பிள்ளைக்கு 2009இல் வயது முப்பத்தாறு. போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் ‘போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்’ என்று பதியப்பட்டவர்களுக்குப் பெற்றோராகும் வயது அது. ஒரு தலைமுறையின் ஆறாத அச்சம் அடுத்த தலைமுறையின் வளர்ப்பில் தொடர்வது பற்றிய ஆய்வுகள் வன்னிக்கும் சப்ரகமுவவுக்கும் இடையிலான இந்த உறவைக் கணக்கில் எடுத்தாலன்றி முழுமை பெறா.

வேறு சிலர் கடல் கடந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்குப் புறப்பட்ட தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்த, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமே, 1983க்குப் பின் அகதிகள் வந்திறங்கும் முகாமாயிற்று. எஸ். சி. சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களில் மாலை நேர வகுப்புகளை நடத்தியது. அகதிகளுள் படித்தவர்களே ஆசிரியர்களாகவும் ஆலோசகர்களாகவும் அமர்ந்தனர். வவுனியாவில் நிகழ்ந்தது போலவே, தன்னைப் போல் இழந்த ஒருவரே பிள்ளைக்குக் கற்பித்தமை இவ்வேற்பாட்டின் வலிமை.

துறையாக வளர்ந்த ஆதரவு

பழகிய முகங்களையும் சூழலையும் இழந்த பிள்ளைகளின் அனுபவம் உலகுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது இலண்டனில் போர்க்காலப் பிள்ளைக் காப்பகங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொரத்தி பேர்லிங்கமும், குண்டுவீச்சைக் காட்டிலும் தாயிடமிருந்தும் பழகிய சூழலிலிருந்தும் பிரிக்கப்படுவதே சிறுபிள்ளைகளை அதிகம் உலுக்குகிறது என்று பதிவு செய்தனர். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, கதை, களிமண், ஓவியம், நாடகம் ஆகியவற்றின் வழியே போர்க்காலச் சிறுவருக்குப் பாதுகாப்பான வெளியை அமைத்தது. பல நாட்டு நிவாரண அமைப்புகள் கூடி 2007இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், ஆதரவை நான்கு அடுக்குகளாக வகுத்தன: அடித்தளத்தில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு, அதன்மேல் குடும்பமும் சமூகமும் தரும் துணை, அதற்கும் மேல் பயிற்சி பெற்ற பணியாளரின் தனிக் கவனம், உச்சியில், சிலருக்கு மட்டுமே தேவைப்படும் உளமருத்துவம். காந்தியம் நடத்திய பணி இவற்றில் முதலிரண்டு அடுக்குகளையும் எத்தகைய கோட்பாட்டுப் பெயருமின்றி நிறைவேற்றியது.

சப்ரகமுவவில் எஞ்சியோரின் பிள்ளைகளுக்கான ஏற்பாடுகள் வேறு வழியில் வளர்ந்தன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்கு மீண்டும் கையளிக்கப்பட்டபோது, வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளை பராமரிப்பு ஆகியவற்றுக்காக ஒரு பொது நிதியம் அமைக்கப்பட்டது. அதுவே இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பிள்ளைக் காம்பரா ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ ஆயிற்று. ஆயம்மாவின் இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். 1991இல் இலங்கை ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைச் சாசனமும், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் இம்மாற்றத்துக்குப் பின்னணியாயின.

ஆனால் அதே காலத்தில் லயத்தின் அமைப்பு உள்ளிருந்து மாறியது. தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்றபோது, மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்த தாய் ஆண்டுக்கணக்கில் வராத தாயாகிவிட்டாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண்களின் பயணத்தை 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை மூலம் கட்டுப்படுத்தியபோதும், தோட்டச் சம்பளம் போதாமை என்ற மூலகாரணம் அப்படியே நின்றது. இந்நிலையில், 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் பெருமண்சரிவு கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பும் மண்ணுள் புதைந்தது. பாடசாலைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் அமைந்த முகாம்களில் ‘சிறுவர் நேய வெளி’கள், அதாவது பிள்ளைகள் பாதுகாப்பாகக் கூடி விளையாடும் இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. அங்கே தோட்டப் பிள்ளை எதிர்கொண்ட முதல் தடை மொழி. சிங்கள மொழியில் இயங்கும் பிரதேச நிர்வாகத்தில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர், அதாவது துயருற்றவரோடு முறைப்படி உரையாடித் துணைநிற்கும் அலுவலர், சிலரே. தன் மொழியில் அழ முடியாத பிள்ளையிடம் ஓவியத் தாளும் வண்ணப் பென்சிலும் ஓரளவே பயன் தரும்.

இவ்வரலாற்றிலிருந்து எழும் முடிவு நடைமுறை சார்ந்தது. சிறுவர் அபிவிருத்தி நிலையம் இன்றும் கம்பனியின் தொழிலாளர் நலப் பிரிவாகவே இயங்குகிறது. ஆனால் லயத்தில் வாழ்வோரில் பெருந்தொகையினர் இப்போது தோட்டத்தில் பெயர் பதியாமல் வெளியிடங்களில் கூலி வேலை செய்கின்றனர். தொழிலோடு பிணைந்த பராமரிப்பு, தொழில் சுருங்கும்போது தானும் சுருங்கும் என்பதை 1970களும் 1980களும் ஏற்கெனவே காட்டிவிட்டன. ஆகவே, தோட்டப் பிள்ளையின் பராமரிப்பு தாயின் பெயர்ப்பதிவைச் சாராமல் பிரதேச செயலகத்தின் பொறுப்பாக வேண்டும்; அதனை நடத்துபவர் அதே லயத்தின் மொழியைப் பேசுபவராகவும் அங்கே நீண்டகாலம் தங்குபவராகவும் இருக்க வேண்டும்; பேரிடரின்போது வெளியிலிருந்து வரும் வல்லுநர் அவருக்குத் துணையாக அமைய வேண்டும். ஆயம்மாவின் இடத்தில் இன்று பணிபுரிபவருக்கு உரிய சம்பளமும் பயிற்சியும் ஓய்வூதியமும் அளிப்பது தொழிற்சங்கக் கோரிக்கையாக மட்டும் கருதப்பட்டு வந்துள்ளது. சப்ரகமுவவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், அப்பிரதேசத்தில் மேற்கொள்ளக்கூடிய உளசமூகப் பணிகளுள் முதலாவது அதுவே.